வெள்ளை மணலுக்கு அடியில்

வாப்பா அந்த மனையை முதன்முதலில் பார்த்தது ரியாத்தில், அவர் வேலை செய்த கடையின் சரக்கு அறையில் நின்றுகொண்டு, கைப்பேசித் திரையில். தரகர் எடுத்து அனுப்பிய வீடியோ அது. பங்குனி வெயிலில் தரை வெள்ளை வெளேரென்று சமதளமாகக் கிடந்தது. தூரத்தில் இரண்டு உடைமரங்கள். காற்று இரைகிற சத்தத்துக்கு மேலே தரகரின் குரல், "பஸ் போற ரோடு பக்கந்தான் பாய், பாருங்க, பாருங்க" என்று சொல்லிக்கொண்டே இருந்தது.

வாப்பா அதை உம்மாவுக்கு அனுப்பிவிட்டு உடனே கூப்பிட்டார். "நம்ம தெரு மண்ணு மாதிரியே இருக்கு, பாத்தியா?"

காயல்பட்டினத்தின் பழைய தெருக்களில் எங்கே தோண்டினாலும் மணல்தான் வரும். எவ்வளவு மழை பெய்தாலும் சற்று நேரத்தில் தண்ணீர் இறங்கிவிடும். தாத்தா காலத்து வீடுகள் அந்த மணல்மேல் ஒரு கீறல் இல்லாமல் நிற்கின்றன. அதனால் எங்கள் ஆட்களுக்கு மணலைக் கண்டால் ஒரு நம்பிக்கை. வெள்ளையாக இருந்தால் அதற்குக் கீழே என்ன என்று கேட்கத் தோன்றாது.

எங்கள் ஊரில் பெண் கல்யாணமாகிப் புகுந்த வீட்டுக்குப் போவதில்லை. மாப்பிள்ளைதான் பெண்ணின் வீட்டுக்கு வருவார். ஆகவே ஒவ்வொரு பெண்ணுக்கும் ஒரு வீடு வேண்டும். எங்கள் பழைய வீடு லாத்தாவுக்கு, அதாவது என் அக்காவுக்கு, அவள் கல்யாணத்தின்போதே எழுதியாகிவிட்டது. இரண்டாவது மகளான எனக்கு ஒரு வீடு கட்டுவதற்காகத்தான் வாப்பா சவூதியில் இருந்தார். அப்படி அவர் ஒருபோதும் சொன்னதில்லை. ஆனால் விடுமுறைக்கு வரும்போதெல்லாம் தெருத்தெருவாக நடந்து, எந்த வீடு பூட்டிக் கிடக்கிறது, யார் விற்கிறார்கள் என்று விசாரித்துவிட்டு, முகம் வாடி வருவார். ஊருக்குள் நிலம் எங்கள் கைக்கு எட்டாமல் போய்ப் பல வருஷமாகியிருந்தது.

அந்த மனை ஊருக்கு மேற்கே, ஆறுமுகநேரி உப்பளங்கள் தொடங்குவதற்குக் கொஞ்சம் முன்னால் இருந்தது. நானும் உம்மாவும் ஆட்டோ பிடித்துப் போய்ப் பார்த்தோம். தரகர் எங்களுக்காகக் குடை கொண்டுவந்திருந்தார். மணல் செருப்பைத் தாண்டிக் காலைச் சுட்டது. மனையின் ஓரத்தில், மணல் மெலிந்த இடத்தில், குட்டையான ஒரு செடி கூட்டமாகப் படர்ந்திருந்தது. தடித்த சின்ன இலைகள். சில பச்சை, சில கருஞ்சிவப்பு. உம்மா குனிந்து ஒரு கொழுந்தைக் கிள்ளி வாயில் வைத்துப் பார்த்தாள்.

"உமரியில்லா இது? உப்பளத்துப் பக்கம்லா முளைக்கும்?"

"மழைக்கு எங்கயும் முளைக்கும்மா. வண்டிய விட்டு வழிச்சா போயிரும்" என்றார் தரகர்.

அன்று சாயங்காலம் வாப்பாவிடம் உம்மா அதைச் சொல்லத்தான் செய்தாள். "அங்கன உமரி நிக்கிதுங்க. உப்புத் தரையோ என்னமோ."

"உமரி கீரைதான? ஆக்கித் திங்கலாம்" என்று வாப்பா சிரித்தார். உம்மாவும் சிரித்துவிட்டாள். அவர் அப்படிச் சிரித்துப் பேசி நாளாகியிருந்தது. பத்திரம் என் பெயருக்குப் பதிவானது.

வைகாசியில் வானம் தோண்டினார்கள். அஸ்திவாரக் குழியை எங்கள் பக்கம் அப்படித்தான் சொல்வது. நானும் உம்மாவும் பாத்திஹா ஓதி, வேலையாட்களுக்குச் சர்பத் கரைத்துக் கொடுத்துக்கொண்டிருந்தோம். வெள்ளை மணல் இடுப்பளவுகூட இல்லை. அதற்குக் கீழே கருப்பாக, சோப்பைப் போல வழவழவென்று களிமண் வந்தது. மண்வெட்டியில் ஒட்டிக்கொண்டு உதற உதற விழவில்லை. அழுகின முட்டை போல ஒரு வாடை குழியிலிருந்து எழும்பியது. தோண்டத் தோண்ட அடியில் தண்ணீர் சுரந்தது.

காண்ட்ராக்டர் குழியோரம் நின்றபடியே வாப்பாவை வீடியோவில் கூப்பிட்டு, கைப்பேசியைக் குழிக்குள் திருப்பிக் காட்டினார்.

"பாய், மேல மட்டுந்தான் மணலு. அடிச்சு ரொப்பியிருக்கானுவ. கீழ பூராவும் களி. முன்னால உப்பளம் கெடந்த எடம் போல. மண்ண டெஸ்ட் பண்ணிட்டுக் கட்டுனா நல்லது. தூத்துக்குடியில ஆளு இருக்கு."

"அதுக்கு நாளாகுமே?"

"ஆகும் பாய். அவுங்க வந்து துளை போட்டு, ரிப்போர்ட் வர்றதுக்கு ஒரு மாசம் பிடிக்கும்."

என் கல்யாணத்துக்கு நாள் குறித்தாகிவிட்டது. வாப்பாவின் முதலாளி விடுமுறை கொடுத்த தேதியும் அதையொட்டித்தான். வாப்பா திரையில் விரல்விட்டு நாட்களை எண்ணிப் பார்த்தார். பிறகு, "இன்னும் கொஞ்சம் ஆழமா எடுத்து மணல ரொப்பி, கம்பி கூடுதலா போட்டு அஸ்திவாரத்து மேல கான்கிரீட் பெல்ட் கட்டிருங்க" என்றார். காண்ட்ராக்டர் தலையாட்டினார். அவர் கெட்ட மனிதரில்லை. வீடு கட்டுகிறவர் கேட்டதைக் கட்டிக்கொடுப்பவர், அவ்வளவுதான். உம்மாவின் பக்கம் கைப்பேசி வந்தபோது வாப்பா அவளைத் தேற்றுகிற குரலில் சொன்னார்: "கருப்பு மண்ணுனா செடி நல்லா வருமே. முருங்கை வைக்கணும்னு சொல்லிக்கிட்டே இருப்பியே, வச்சிக்கோ."

வீடு எழும்பியது. போர்வெல் போட்டதில் தண்ணீர் நாக்கில் வைக்க முடியாத கரிப்பு. கான்கிரீட்டுக்கு மட்டும் லாரித் தண்ணீர் வாங்கினார்கள். சுவரை நனைப்பதற்கும் தளத்தில் தேக்குவதற்கும் போர்த் தண்ணீரையே விட்டார்கள். எல்லோரும் அப்படித்தான் செய்கிறார்கள் என்றார்கள். பெரிய கூடம், இரண்டு படுக்கையறை, பெண்கள் தனியாக வந்துபோகப் பின்வாசல். முன்வாசலுக்கு வாப்பா ரியாத்திலிருந்து ஒரு வெண்கலக் கைப்பிடி கொண்டுவந்தார். கல்யாணத்தன்று பூக்கட்டிய வாசலில் நின்று மாப்பிள்ளையை வரவேற்ற வாப்பாவை நான் மாடிப்படிக் கம்பிகள் வழியாகப் பார்த்தேன். அந்த அளவுக்கு நிமிர்ந்து நின்ற வாப்பாவை அதற்கு முன்னும் பின்னும் நான் பார்த்ததில்லை.

என் கணவர் சென்னை மண்ணடியில் மொத்தக் கடை ஒன்றில் இருந்தார். மாதம் ஒருமுறை வருவார். முதல் முறை வந்தபோது சுவரைத் தட்டிப் பார்த்து, "நல்ல கெட்டியா கட்டியிருக்காங்க" என்றார்.

ஐப்பசி மழை தொடங்கியதும் வீட்டைச் சுற்றித் தண்ணீர் நின்றது. ஊருக்குள் தெருவெல்லாம் காய்ந்த பிறகும் எங்கள் வாசலில் இறங்கவில்லை. அந்த மழையில்தான் பின்பக்கத்துப் படுக்கையறைக் கதவு நிலையில் இறுக ஆரம்பித்தது. மரம் ஊறியிருக்கும் என்று நினைத்தோம். தை மாதம் வெயில் வந்தும் கதவு சேரவில்லை. ஜன்னல் மூலையிலிருந்து மேலே, செங்கல் வரிசையை ஒட்டிப் படிப்படியாக ஒரு கீறல் ஏறியிருந்தது. கீழே, தரையிலிருந்து முழங்கால் உயரம் வரை, சுண்ணாம்பு மாவைத் தூவினாற்போல் வெள்ளை பூத்தது. உம்மா துடைத்தாள். மறுவாரம் மறுபடியும் பூத்தது. துடைத்த இடத்தில் பெயிண்ட் அப்பளம்போல் கொப்புளித்து உதிர்ந்தது.

"உப்பு மேல ஏறுது" என்றாள் உம்மா.

அவள் தோட்டமும் அப்படித்தான். முருங்கைக் கொம்பு நட்டாள். துளிர்த்தது, நெஞ்சுயரம் வந்தது, இலைகளெல்லாம் மஞ்சளாகி நின்றபடியே பட்டுப்போனது. பிச்சிக்கொடியின் இலைகள் ஓரத்திலிருந்து தீய்ந்தன. சாத்தான்குளம் பக்கத்திலிருந்து டிராக்டரில் செம்மண் வரவழைத்துக் குழியில் நிரப்பி ஓர் எலுமிச்சை வைத்தாள். அது மட்டும் செழித்தது. பூக்கூட எடுத்தது. வேர் செம்மண் குழியைத் தாண்டியிருக்கும் போல, அடுத்த கோடையில் அதுவும் காய்ந்தது. அதன்பிறகு உம்மா எதையும் நடவில்லை. தொட்டியில் வை என்று லாத்தா சொன்னதற்கு, "தரை இருக்கும்போது தொட்டியில எதுக்குளா?" என்றாள்.

என் மகள் பிறந்த வருஷம் வாப்பா சவூதி வேலையை முடித்துக்கொண்டு ஒரேயடியாக ஊருக்கு வந்தார். பேத்தியைத் தூக்கிக்கொண்டு வீட்டைச் சுற்றி நடப்பதுதான் அவருடைய ஆசையாக இருந்தது. வந்த முதல் காலையில் அப்படி நடந்தபோதே பின்சுவரைப் பார்த்துவிட்டார். பிள்ளையை என் கையில் கொடுத்துவிட்டு, கீறலுக்குள் விரலை விட்டார். சுண்டுவிரல் தாராளமாகப் போனது.

"ஏன் என்கிட்ட சொல்லல?"

"சொன்னா என்ன செய்வீங்க அங்கன இருந்து?" என்றாள் உம்மா.

அதன் பிறகு அவருக்கு அதுவே வேலை. கொத்தனாரைக் கூப்பிட்டுக் கீறலைக் கொத்திச் சிமெண்ட் வைத்துப் பூசுவார். ஒரு மழைக்காலம் தாங்கும். அடுத்ததில் பூச்சுக்குப் பக்கத்திலேயே புதிதாக வெடிக்கும். ஈரம் ஏறாமலிருக்க ஏதேதோ மருந்து வாங்கி அடித்தார். வீட்டைச் சுற்றி வாய்க்கால் வெட்டினார். அதிலும் தண்ணீர் ஓட இடமில்லாமல் தேங்கியது, ஏனென்றால் சுற்றியிருந்த எல்லாமே எங்கள் மனையைவிட மேடாகவோ அல்லது அதே மட்டத்திலோ இருந்தன. கூடத்தில் பிள்ளையின் பந்தை வைத்தால் அது தானாகப் பின்பக்கம் உருளும். பிள்ளை கைதட்டிச் சிரிப்பாள். வாப்பா எழுந்து வெளியே போய்விடுவார்.

ஒரு மதியம், மகள் தூங்கி எழுந்து என்னிடம் வந்த கொஞ்ச நேரத்தில், படுக்கையறையில் ஏதோ மூட்டை விழுந்தாற்போல் சத்தம் கேட்டது. போய்ப் பார்த்தோம். கூரையின் அடிப்பூச்சு பெரிய துண்டாகப் பெயர்ந்து பிள்ளை படுத்திருந்த மெத்தைமேல் கிடந்தது. மேலே கம்பிகள் வெளியே தெரிந்தன. துருப்பிடித்து, ஊதி, அடுக்கடுக்காக உரிந்துகொண்டிருந்தன. வாப்பா மெத்தையிலிருந்த துண்டுகளை ஒவ்வொன்றாகப் பொறுக்கி வாளியில் போட்டார். உம்மா பிள்ளையைத் தலையிலிருந்து கால்வரை தடவித் தடவிப் பார்த்துக்கொண்டேயிருந்தாள்.

அந்த மாதம் என் கணவர் வந்தபோது அவருடைய உம்மாவும் கூட வந்தார். எல்லா அறைகளையும் பார்த்தார். கோபப்படவில்லை. "எம்புள்ள தலையில விழுந்தா நான் யாருகிட்ட போய்க் கேப்பேன், சொல்லுங்க" என்று மட்டும் கேட்டார். என் கணவர் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். அதிலிருந்து ஊருக்கு வந்தால் அவர் தன் உம்மாவின் வீட்டில் படுத்துக்கொள்கிறார். காலையில் இங்கே வருவார், சாப்பிடுவார், மகளோடு விளையாடுவார், சாயங்காலம் போய்விடுவார். எங்களுக்குள் சண்டை ஏதுமில்லை. ஒரு நாள் அவரிடம், "என்னையும் பிள்ளையையும் அங்கன கூட்டிட்டுப் போயிருங்களேன்" என்று கேட்டேன்.

"அது எந்தங்கச்சிக்கு எழுதுன வீடு. நீ வந்து இருந்தா உனக்கும் மரியாத இல்ல, அவளுக்கும் சங்கடம்" என்றார். அவர் சொன்னதில் பொய் ஒன்றுமில்லை.

அதற்குப் பிறகுதான் வாப்பா மண் பரிசோதனைக்கு ஆள் வரச்சொன்னார். தூத்துக்குடியிலிருந்து ஒரு பெண் இன்ஜினியரும் மூன்று ஆட்களும் வந்தார்கள். வாசலோரம் உயரமான மூன்றுகால் சட்டம் நிறுத்தி, கயிற்றில் கனமான சம்மட்டியைக் கட்டினார்கள். அதைத் தூக்கித் தூக்கிப் போட்டு ஒரு குழாயைத் தரைக்குள் இறக்க வேண்டும். எத்தனை அடிக்கு எவ்வளவு இறங்குகிறது என்று பார்த்து மண்ணின் உறுதியைக் கணக்கிடுவார்களாம். மேல் மணலில் அடி விழுந்தது. களிமண்ணைத் தொட்டதும், சம்மட்டியைத் தூக்குவதற்கு முன்பே, குழாய் தன் எடையிலேயே மெதுவாகக் கீழே போய்க்கொண்டிருந்தது. ஆட்கள் கயிற்றைப் பிடித்தபடி சும்மா நின்றார்கள்.

"எங்கன போய் நிக்கும்?" என்று கேட்டார் வாப்பா.

"பாப்போம் சார்" என்றார் அந்தப் பெண். அது நிற்பதற்கு வெகுநேரமானது.

ரிப்போர்ட்டை அவரே கொண்டுவந்து விளக்கினார். ஆழம் வரைக்கும் நொய்ந்த களி. அதில் உப்பு ஊறியிருக்கிறது. பின்பக்கம் பழைய அளத்து ஓடையின் மேல் இருக்கலாம், அதனால்தான் அந்தப் பக்கம் அதிகம் அமிழ்கிறது. இந்த மண்ணில் கட்டுவதானால் கெட்டித் தரை வரை தூண்களை இறக்கி அதன்மேல் கட்டியிருக்க வேண்டும். உப்பு கம்பியைத் தின்பதை இனி நிறுத்த முடியாது, தள்ளிப்போடலாம்.

"இப்ப தூண் எறக்க முடியாதாம்மா?"

"வீட்ட வச்சிக்கிட்டு அதச் செய்யறதுக்கு, இடிச்சிட்டுப் புதுசாவே கட்டிரலாம் சார். இத முதல்லயே பாத்திருந்தா..." என்று தொடங்கியவர் வாப்பாவின் முகத்தைப் பார்த்துவிட்டு நிறுத்திக்கொண்டார். உம்மா அவருக்குத் தேநீர் கொண்டுவந்து வைத்தாள்.

விற்றுவிடலாம் என்று லாத்தாவின் கணவர் யோசனை சொன்னார். நன்றாகப் பூசி, பெயிண்ட் அடித்து, கோடையில் காட்டினால் யாராவது வாங்குவார்கள் என்றார். வாப்பா அவரிடம், "வாங்குறவன் யாரு? என்னமாதிரி மவளுக்கு வீடு தேடுறவன்தான?" என்றார். அந்தப் பேச்சு அதோடு முடிந்தது.

அடுத்த சில வாரங்களில் வாப்பா ரியாத்துக்குப் பலமுறை போன் பேசினார். பழைய முதலாளி இறந்துபோயிருந்தார். அவருடைய மகன், வேறொரு கடையில் கணக்குப் பார்க்கிற வேலை இருப்பதாகச் சொன்னான். வாப்பாவுக்கு முழங்கால் வலி இருந்தது. தொழுகையில் உட்கார்ந்து எழுவதற்கே சுவரைப் பிடிப்பார்.

"இந்த வயசுல எதுக்குப் போறீங்க? இருக்கிற வரைக்கும் இதுலயே இருப்போம்" என்றேன்.

"நீ இருப்ப. இவ எங்க இருப்பா?" என்று என் மகளைக் காட்டினார். அவள் அப்போதுதான் பள்ளிக்கூடம் போக ஆரம்பித்திருந்தாள்.

திருவனந்தபுரம் விமான நிலையத்துக்குப் போகக் கார் வந்தபோது மழை தூறிக்கொண்டிருந்தது. வாப்பா எல்லோருக்கும் ஸலாம் சொன்னார். செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு, வாசல் தண்ணீரில் இறங்கி, கார்வரை நடந்தார். உம்மா பின்னாலேயே பெட்டியைத் தூக்கிக்கொண்டு போகப் பார்த்தாள். டிரைவர் ஓடிவந்து வாங்கிக்கொண்டார். கார் போன பிறகு உம்மா தண்ணீரிலேயே நின்றாள். நான் கூப்பிட்ட பிறகுதான் உள்ளே வந்தாள்.

இப்போது நாங்கள் முன்பக்கம்தான் புழங்குகிறோம். பின்னறைகளைப் பூட்டிவைத்திருக்கிறோம். மகளுக்காக ஒரு மனை பார்க்க வேண்டும் என்று வாப்பா போனில் சொல்லிக்கொண்டேயிருப்பதால், நானும் என் கணவரும் சில இடங்களுக்குப் போனோம். கார்த்திகை மழையில், வேண்டுமென்றே, தண்ணீர் எங்கே நிற்கிறது என்று பார்க்கும்படியான நாட்களில் போனோம். என்ன செடி நிற்கிறது, பக்கத்து வீட்டுச் சுவர் எப்படியிருக்கிறது, கிணற்றுத் தண்ணீர் கரிக்கிறதா என்றெல்லாம் பார்த்தோம். தரகர்கள் எங்களைக் கண்டாலே சலித்துக்கொள்கிறார்கள். நல்ல தரை எது என்று இப்போது எனக்குத் தெரியும். அதன்மேல் ஏற்கெனவே வீடுகள் இருக்கின்றன, அவற்றை யாரும் விற்பதில்லை. எங்களால் வாங்க முடிகிற இடமெல்லாம் யாரோ ரொப்பிவிட்டுப் போன பள்ளம்.

சென்ற கோடையில் எங்களை ஒட்டிய மனையைப் பார்க்க ஓர் அம்மா வந்தார். கணவர் கத்தாரில் வண்டி ஓட்டுகிறார். ஒரே மகள், கல்லூரியில் படிக்கிறாள். நான் அவரை உள்ளே கூட்டிப்போய்ப் பூட்டிய அறைகளைத் திறந்து காட்டினேன். கூரைக் கம்பிகளையும் பரிசோதனை ரிப்போர்ட்டையும் காட்டினேன். எல்லாவற்றையும் கவனமாகப் பார்த்தார்.

"கட்டாதீங்க மைனி. கட்டுறதா இருந்தா மண்ண டெஸ்ட் பண்ணிட்டுத் தூண் எறக்கிக் கட்டுங்க" என்றேன்.

அவர் என் கையைப் பிடித்துக்கொண்டார். "நீங்க நல்ல மனசோட சொல்லுதீங்க. ஊருக்குள்ள எனக்கு ஏத்தாப்புல ஒரு துண்டு எடம் இருந்தாச் சொல்லுங்க, நாளைக்கே வாங்கிக்கிடுதேன்."

அறைகளை மறுபடி பூட்டிவிட்டு அவரை வாசல்வரை கொண்டுபோய் விட்டேன்.

அவர் அந்த மனையையே வாங்கி, நான் சொன்னபடி மண்ணைப் பரிசோதனை செய்தார். அதே இன்ஜினியர்தான் வந்தார். அதே களிதான். தூணுக்குக் கட்டுப்படியாகாது என்றதும், அப்படியானால் பாரம் குறைவாக, மாடியில்லாமல், தகரக் கூரை போட்டு ஒரு சின்ன வீடாகக் கட்டுங்கள் என்று இன்ஜினியர் சொல்லியிருக்கிறார். அந்த அம்மாவும் சரியென்றுதான் தொடங்கினார். சுவர் எழும்பிக்கொண்டிருந்தபோது மகளுக்குச் சம்பந்தம் பேசினார்கள். தகரம் போட்ட வீட்டுக்கு எங்கள் பிள்ளையை எப்படி அனுப்புவது என்று மாப்பிள்ளை வீட்டில் கேட்டார்களாம்.

போன வாரம் அங்கே கூரைக்குத் தகரத்துக்குப் பதில் கான்கிரீட் போட்டார்கள். நாளெல்லாம் கலவை இயந்திரம் ஓடியது. சாயங்காலம் வேலை முடிந்ததும் அந்த அம்மா ஒரு தட்டில் பூந்தியும் மிக்சரும் கொண்டுவந்து கொடுத்தார். "எங்க வீட்டுக்குத் துஆ செய்யுங்க" என்றார். செய்கிறேன் என்று சொல்லித் தட்டை வாங்கிக்கொண்டேன்.